முடி சொல்வது மூன்று மாதப் பழைய செய்தி

“முடி கொட்டத் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு உங்களுக்கு என்ன நடந்தது?”

தோல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதுவரை நான் அவரிடம் புதிதாக மாற்றிய ஷாம்பூவைப் பற்றியும், குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பைப் பற்றியும், இரவுத் தூக்கம் குறைந்ததைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைக் காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். எப்போது கொட்டத் தொடங்கியது? செப்டம்பர் நடுவில். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்றார். ஆகஸ்ட், ஜூலை, ஜூன். ஜூனில் எனக்கு எட்டு நாள் கடும் காய்ச்சல். 103 டிகிரிக்குக் கீழே இறங்கவே மறுத்த காய்ச்சல். எழுந்து நடமாட மூன்று வாரம் ஆனது. ஆறு கிலோ எடை குறைந்தது.

கணக்கு எழுதுவது என் தொழில். மார்ச்சில் வாங்கிய சரக்குக்கு ஜூனில் பில் வந்தால், அந்தச் செலவு மார்ச்சைச் சேர்ந்தது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் தலைமுடியும் அதே முறையில்தான் கணக்கு எழுதுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். செப்டம்பரில் என் கையில் வந்த முடியெல்லாம் ஜூன் மாதத்துப் பில்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மருத்துவரிடம் போவதற்கு முன்பு இரண்டு மாதங்களைத் தவறான வழிகளில் கழித்தேன். முடி கொட்டுவதற்கு மருந்து தேடினேனே தவிர, எந்த வகையான முடி உதிர்வு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. காய்ச்சல் என்பது எப்படி ஒரே நோயின் பெயர் இல்லையோ, அப்படித்தான் முடி உதிர்வதும். என் தலையில் ஒரே நேரத்தில் இரண்டு இருந்தன. ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும். மற்றொன்றுக்குக் காத்திருக்கவே கூடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால், பொறுக்க வேண்டியதற்குப் பதறினேன். விரைய வேண்டியதைக் கவனிக்காமலே இருந்தேன்.

முதலில், காத்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் வாழ்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்கிறது, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்குகிறது, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது. ஓய்வு முடியும்போது பழைய முடி விழுகிறது. அதே இடத்தில் புதியது முளைக்கிறது. எல்லா மயிர்க்கால்களும் ஒரே நாளில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் நாம் உரோமம் உதிர்க்கும் விலங்குகளைப் போலப் பருவத்துக்குப் பருவம் முடி கொட்டுவதில்லை.

நாளுக்கு நூறு முடி வரை விழுவது இயல்பு என்று எல்லோரும் கேட்டிருப்போம். அந்த நூறு எங்கிருந்து வருகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மருத்துவர் சொன்னதை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கிறது என்றால் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரமும் சுமார் நூறு நாட்களில் விழுந்தாக வேண்டும். அப்படியானால் நாளுக்கு நூறு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைவு, தாங்க முடியாத துக்கம் ஆகியவை வரும்போது உடல் தன் செலவைச் சுருக்குகிறது. உயிர் வாழ முடி தேவையில்லை என்பதால் வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் ஒரு பெரும் பகுதியை அது ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. பத்தில் ஒன்று ஓய்வில் இருந்த இடத்தில் பத்தில் மூன்று ஓய்வில் இருந்தால், நாளுக்கு முந்நூறு. அது உடனே விழுவதில்லை. ஓய்வுக்காலமான மூன்று மாதம் முடிந்த பிறகு சேர்ந்து விழுகிறது. நாம் அப்போது காய்ச்சலையே மறந்திருப்போம். கண்ணெதிரே இருக்கும் ஷாம்பூவின் மீது பழியைப் போடுவோம்.

என் முடி அப்போது 45 சென்டிமீட்டர் நீளம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது என்பதால், என் கையில் வந்த ஒவ்வொரு இழையும் ஏறக்குறைய நான்கு ஆண்டு வயதுடையது. அந்த நீளத்தில் முந்நூறு இழைகள் சேர்ந்தால் கைக்கு அடங்காது. அதே முந்நூறு இழை, முடியை ஒட்ட வெட்டியிருக்கும் என் தம்பியின் தலையிலிருந்து விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. நீளக் கூந்தல் உள்ளவர்களை அதிகமாக அச்சுறுத்துவது பல நேரங்களில் எண்ணிக்கையைவிட நீளம்தான்.

என்னை மிகவும் வதைத்தது அந்த வெள்ளை மணி. உதிர்ந்த முடியின் அடிநுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருக்குமே, அது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது, இனி அந்த இடத்தில் முளைக்கவே முளைக்காது என்று நினைத்து ஒரு விடியற்காலையில் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதைச் சொன்னதும் மருத்துவர் என் தோளில் கிடந்த ஒரு முடியை எடுத்துக் கறுப்பு அட்டையின் மேல் வைத்தார். லென்ஸை என் கையில் கொடுத்தார். தீக்குச்சியின் தலையைப் போல உருண்டு, உலர்ந்து, நிறமற்று இருந்தது அந்த முனை. “இது வேர் இல்லை. ஓய்வெடுத்து முடித்த முடி இப்படித்தான் இருக்கும். மயிர்க்கால் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இந்த முடி விழுகிறது என்றால், அடியில் அடுத்தது புறப்பட்டுவிட்டது என்று பொருள்” என்றார். இரண்டு மாதமாக நான் எதைப் பார்த்து அழுதேனோ, அதுவே நல்ல செய்தியாக இருந்திருக்கிறது. அதை எனக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைக்க அவ்வளவு நாள் ஆனது.

அந்த இரண்டு மாதத்தில் என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளித்தால்தானே கொட்டுகிறது என்று தலை குளிப்பதைக் குறைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை, பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை. விழ வேண்டியவை விழாமல் சிக்கிக்கொண்டே இருந்து, குளிக்கிற அன்று பத்து நாள் உதிர்வும் ஒன்றாகக் கைக்கு வந்தது. அதைப் பார்த்து இன்னும் பயந்து, இன்னும் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் உச்சந்தலையைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் யாருடைய தலையும் பாலைவனமாகத்தான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. சமீபத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் பன்னிரண்டு அமர்வுகளுக்கான தாளை நீட்டினார். அவர் மருத்துவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பயந்துபோய் வருகிறவரிடம் அப்படி ஒரு தாளை நீட்டுவது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது.

பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் மாத்திரை இன்னொரு கதை. முடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, 10 மில்லிகிராம் மாத்திரையை நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தேன். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தபோது, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் அதிகமாகவும் இருந்தன. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றே யாரும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பயோட்டின் சாப்பிடுகிறீர்களா?” ஆய்வகங்களில் இந்தப் பரிசோதனையைச் செய்யும் பல முறைகள் பயோட்டினைப் பயன்படுத்தியே இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அளவுகள் புரண்டுபோகும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனைகூட இதனால் தவறாகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாகவே இருந்தது. பயோட்டின் குறைபாடு உண்மையில் அரிது. அது இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. தயவுசெய்து, ரத்தம் கொடுக்கப் போகும்போது நீங்கள் சாப்பிடும் சத்து மாத்திரைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டையும் அளவுக்கு மீறி எடுத்தால் அவையே முடியைக் கொட்டவைக்கும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 12.1. நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் அந்தத் தாளை மூடிவைக்கப் பார்த்தேன். ஃபெரிட்டின் 11. ஹீமோகுளோபின் கைச்செலவுக்கு இருக்கும் பணம். ஃபெரிட்டின் இரும்புச்சத்தின் சேமிப்பு. கையில் காசு இருக்கும்போதே சேமிப்பு காலியாகியிருக்கலாம். உடல் அந்த நிலையில் முதலில் நிறுத்தும் செலவுகளில் ஒன்று முடி. எனக்கு மாதவிடாய்ப் போக்கு ஆண்டுக்கணக்கில் அதிகம். அதை யாரிடமும் சொல்லாமல் இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபெரிட்டின் எவ்வளவு இருந்தால் முடிக்குப் போதும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 11 போதாது என்பதில் வேறுபாடு இல்லை. சில மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாதவிடாய்க்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவும் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காய்ச்சலால் வந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கும். அதனால் மட்டும் யாருக்கும் முழு வழுக்கை விழுவதில்லை. நான் எழப் போனேன். “இருங்கள்” என்றார். டெர்மாஸ்கோப் என்னும் சிறிய ஒளிக்கருவியை என் பின்னந்தலையில் வைத்துத் திரையைக் காட்டினார். இழைகள் எல்லாம் ஒரே பருமன். பிறகு அதை வகிட்டின் மேல் வைத்தார். அங்கே தடித்த இழைக்குப் பக்கத்தில் மெல்லிய இழை, அதற்குப் பக்கத்தில் அதைவிட மெல்லியது, நடுநடுவே பூனைமுடி என்னும் மிக மெல்லிய குட்டை ரோமம். ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று இழைகள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

இரண்டாவது இதுதான். வழிவழியாக வரும் முடி மெலிவு. பெண்களுக்கு வழுக்கை வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்களுக்கு வருவதைப் போல நெற்றி ஏறுவதில்லையே தவிர, வருகிறது. முன்வரிசை அப்படியே நிற்க, வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலும். 1977-ல் லுட்விக் என்ற மருத்துவர் இதை மூன்று படிகளாக வகுத்தார். நான் முதல் படியில் இருந்தேன். காய்ச்சல் இதைக் கொண்டுவரவில்லை. பல ஆண்டுகளாக ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்ததை வெளியே காட்டியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமணத்தில் எடுத்த படத்திலேயே என் வகிடு அகலத் தொடங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

இந்த வகையில் முடி கொட்டுவதைவிட முடி மெலிவதுதான் நோய். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை உடலில் உள்ள ஒரு நொதி டிஎச்டி என்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுத்து, வளரும் காலமும் குறைந்து, கடைசியில் பூனைமுடியை மட்டும் தருகின்றன. ஆண்களின் வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் தேவை என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே காட்டிவிட்டார். பருவம் அடைவதற்கு முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்கியது. பெண்களிடம் கதை இன்னும் சிக்கலானது. பலருக்கு ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும், எனக்கும் இருந்தது. மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி, கடும் முகப்பரு இவற்றோடு சேர்ந்து வந்தால் மட்டும் சினைப்பை நீர்க்கட்டி போன்றவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றார்.

மயிர்க்கால் முழுவதும் அடைபட்ட பிறகு எந்த மருந்தும் அதைத் திறக்காது. மெலியும்போதே பிடித்தால்தான் உண்டு. இதனால்தான் காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

எனக்கு மினாக்சிடில் 5 சதவீத நுரை எழுதிக்கொடுத்தார், நாளுக்கு ஒரு முறை. இந்த மருந்து முடிக்காகப் பிறந்ததே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது, சாப்பிட்டவர்களின் உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக்கி, 1988-ல் அமெரிக்காவில் ஆண்களுக்கும் 1991-ல் பெண்களுக்கும் தலையில் தடவும் 2 சதவீதக் கரைசலாக அனுமதித்தார்கள். முடியில் தடவினால் பயனில்லை, தோலில் படவேண்டும். நான் வகிட்டை நான்கைந்து இடத்தில் மாற்றி மாற்றிப் பிரித்து, உலர்ந்த தலையில், விரல் நுனியால் வைக்கிறேன். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் தலையணையில் ஒட்டி, அங்கிருந்து முகத்துக்கு வந்து, கன்னத்தில் பூனைமுடி வளரும். கையை நன்றாகக் கழுவ வேண்டும். கருவுற்றிருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது.

இன்னொன்று, பெட்டியோடு வந்த தாளில் என் கண்ணில் படாதது. மினாக்சிடில் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. சிறிதளவு நக்கினாலே உயிர் போகலாம். எங்கள் வீட்டுப் பூனை எட்டு ஆண்டுகளாக என் தலைமாட்டில்தான் படுக்கும். மருத்துவர் பேச்சோடு பேச்சாக, வீட்டில் பூனை உண்டா என்று கேட்டதால் தப்பித்தது. இப்போது அது அடுத்த அறையில் படுக்கிறது. முதல் வாரம் கதவுக்கு வெளியே கத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது வாரம் முடி மறுபடியும் கொட்டத் தொடங்கியது. அடங்கிவந்த உதிர்வு திரும்பியதைப் பார்த்ததும் கை நடுங்கியது. மருந்தே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி, ஐந்தாவது வாரம் புட்டியைக் குப்பைக்கூடையில் போட்டேன். போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். ஓய்வில் இருக்கும் முடிகளை இந்த மருந்து முன்கூட்டியே வெளியேற்றிப் புதிய சுற்றைத் தொடங்கிவைக்கிறது, சில வாரங்களில் நின்றுவிடும், இதை முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருந்தார். அன்று நான் கேட்கும் நிலையில் இல்லை. புட்டியை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன். பயன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம். நிறுத்தினால் சேர்ந்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும். பல் துலக்குவதைப் போல நாள்தோறும் செய்வதென்று ஏற்றுக்கொண்டேன்.

எண்ணுவதற்கு அவர் ஒரு வழி சொன்னார். நாள் முழுவதும் தரையிலும் சீப்பிலும் பொறுக்கி எண்ணாதீர்கள், அது மனத்தைத் தின்றுவிடும். தலை குளிப்பதற்கு முன்பு, முடி நிறத்துக்கு மாறான நிறத்தில் ஒரு துணியை விரித்து, தலையை முன்னால் கவிழ்த்து, 60 வினாடி சீவுங்கள். விழுந்ததை எண்ணி எழுதி வையுங்கள். பத்துக்கு அருகில் இருந்தால் கவலையில்லை. பிறரோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள் என்றார். மாதத்துக்கு ஒரு படம், அதே ஜன்னல், அதே நேரம், அதே வகிடு. என் குறிப்பேட்டில் முதல் எண் 61. அடுத்தது 44. மினாக்சிடில் தொடங்கிய மாதம் 52. பிறகு 30, 19, 14.

என் கதையை வைத்து எல்லாத் தலைகளையும் அளந்துவிடக் கூடாது. உடன் வேலை செய்யும் தோழியின் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் பின்னந்தலையில் வட்டமாக, நாணயம் அளவுக்கு, வழவழவென்று ஒரு சொட்டை. நாம் புழுவெட்டு என்போம். பெயரில் இருக்கும் புழு எங்கும் இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் தன் மயிர்க்காலையே அந்நியன் என்று தாக்குவதால் வருவது. வட்டத்தின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். ஆச்சரியக்குறி முடி என்றே மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று எரிச்சல் தரும் எதையோ அரைத்துத் தேய்த்து, குழந்தையின் தலை புண்ணாகியிருந்தது. அந்தக் குழந்தை இரண்டு மாதம் பள்ளிக்குத் தலையை மூடிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. ஸ்டீராய்டு பூச்சிலேயே அவளுக்கு முளைத்துவிட்டது. சிறிய திட்டுகள் பலருக்கு ஓராண்டுக்குள் தாமாகவே முளைப்பதும் உண்டு. பெரியவர்களுக்கு அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுவதும் கொட்டிப்போனவர்களுக்குக்கூட இன்று வழி இருக்கிறது: 2022-ல் பெரியவர்களுக்கு பாரிசிடினிப், 2023-ல் 12 வயதிலிருந்து ரிட்லெசிடினிப் என்ற மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. தொற்று முதலிய பக்கவிளைவுகள் உள்ள வலிமையான மருந்துகள் அவை. கண்காணிப்போடுதான் எடுக்க வேண்டும்.

குழந்தையின் தலையில் வட்டம் விழுந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். செதில் உதிரும், முடி ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். அதற்குப் பூச்சு மட்டும் போதாது, பூஞ்சைக்கு எதிரான மாத்திரை வேண்டும். அதற்கு ஸ்டீராய்டைத் தடவினால் கேடு. இரண்டும் வட்டம்தான். பெயர் தெரியாமல் மருந்து வைக்கக் கூடாது என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

எரிச்சலோ வலியோ இருந்து, முடி போன இடம் துளைகளே தெரியாமல் பளபளவென்று இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். மயிர்க்காலைத் தழும்பாக்கிவிடும் வகைகள் உண்டு. போனது திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். ஆண்டுக்கணக்கில் இறுக்கி இழுத்துக் கட்டினாலும் முன்வரிசை போகும். தளர்த்திக் கட்டினால் தொடக்கத்தில் மீளும்.

இப்போது தம்பி. அவனுக்கு 29 வயது. இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்குள்ளும் தொப்பி. ஏறுநெற்றி என்று நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அன்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்தோம். என் வைத்தியம் தொடங்கி எட்டாவது மாதம், என் குறிப்பேட்டையும் படங்களையும் அவன் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தான்.

“அக்கா, எனக்கு அப்பா வழியில் வந்தது. இதற்கெல்லாம் ஒன்றும் செய்ய முடியாது.”

“அப்பா வழியில் மட்டும் வருவதில்லை. அம்மா வழியிலும் வருகிறது. எனக்கும் வந்திருக்கிறது பார். நாளைக்கு என்னோடு வா.”

அவனுக்கு மினாக்சிடிலோடு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் பற்றியும் மருத்துவர் விரிவாகப் பேசினார். அதன் பின்னணியைக் கேட்டு நான் வியந்துபோனேன். 1974-ல் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தைப் பற்றி எழுதினார்கள். அங்கே சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே டிஎச்டியை உண்டாக்கும் நொதி குறைவு. பெண்ணென்று வளர்க்கப்பட்டுப் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். வளர்ந்த பிறகும் அவர்களுக்கு நெற்றி ஏறவில்லை. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துதான் இது. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் வந்தது.

பக்கவிளைவுகளையும் அவர் மறைக்கவில்லை. நூற்றில் சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், விறைப்பில் சிரமம் வரலாம். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகும், நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். மனச்சோர்வு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். பின்னாளில் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால் இந்த மாத்திரையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அவனும் அவன் மனைவியும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, பேசி முடிவு செய்தார்கள். அந்த இரண்டு வாரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

முடி மாற்று அறுவையைப் பற்றியும் கேட்டான். 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் கண்டது இன்றும் அதன் அடிப்படை: பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி, பின்னந்தலையின் குணத்தோடே வாழும். ஆனால் அது புது முடியை உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. நடாத முடிகள் தொடர்ந்து மெலிந்துகொண்டேதான் இருக்கும். மெலிவை முதலில் நிறுத்துவோம், ஓராண்டு கழித்துப் பேசுவோம் என்றார்.

“முடிதானே, உயிரா போய்விட்டது” என்று என்னிடம் பலர் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருத்துவரிடம் போக அவ்வளவு காலம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் யாராவது உங்களிடம் முடி கொட்டுகிறது என்று சொன்னால், தயவுசெய்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன்பு உடம்புக்கு என்ன வந்தது என்று கேளுங்கள்.

என் வகிட்டின் இருபுறமும் இப்போது குட்டை முடிகள் நிற்கின்றன. படியவே மாட்டேன் என்கின்றன. வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரிகின்றன. ஸ்கேல் வைத்து அளந்தேன், எட்டு சென்டிமீட்டர். வகிடு முழுவதும் பழையபடி மூடவில்லை, மூடும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் கடைசி எண் 11.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்குத் தம்பி ஃபோன் செய்தான். குரல் சரியாக இல்லை.

“அக்கா, முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. தலையணையெல்லாம் முடி.”

“எத்தனையாவது வாரம்?”

கொஞ்ச நேரம் எண்ணினான். “ஐந்து.”

“புட்டி எங்கே இருக்கிறது?”

பதில் இல்லை.

“குப்பைக்கூடையில் இருந்தால் எடுத்துத் துடைத்து வை” என்றேன். அவன் எழுந்து போகும் காலடி ஓசை ஃபோனில் கேட்டது.